அவுட் பாஸ் தேவைப்படாத முதல் நாள்

2015 ஆகஸ்ட் 31ஆம் தேதி காலையில் வெலிங்டனில் ஐ-கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். 19 வயதில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ரிக்ரூட்டாக உள்ளே போன அதே கேட். 17 வருடம் கழித்து, 36 வயதில், ஹவில்தாராக ஒரு டிரங்குப் பெட்டியோடு வெளியே. கேட்டைத் தாண்டும்போது கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது, வெளியே போவதற்கான அனுமதிச் சீட்டு, அவுட் பாஸ், இருக்கிறதா என்று. இனி அது தேவையில்லை என்பது புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வரை அழுதேன். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

போன மாதம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், அடுத்த வருடம் பென்ஷன் வரப்போகிறவன், யூனிட்டிலிருந்து போன் செய்தான். "அண்ணா, என்னென்ன பேப்பர் கையில வாங்கிட்டு வரணும்?" என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அதில் பேப்பரைப் பற்றிப் பேசியது 10 நிமிடம் இருக்கும். மீதியெல்லாம் வெளியே வந்த முதல் நான்கு வருடம் நான் தனியாகப் பட்ட பாடு. அதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பணமும் மிஞ்சியிருக்கும், வீட்டில் நிம்மதியும் மிஞ்சியிருக்கும். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். நான் 1998ல் ஓடிச் சேர்ந்தது தேசப்பற்றால் என்று சொன்னால் அது பொய். மாதச் சம்பளம் வரும், தங்கை கல்யாணத்தை முடிக்கலாம், அவ்வளவுதான். தேசப்பற்று அப்புறம்தான் வந்தது. காஷ்மீரில் ஒரு போஸ்டில் இரவு சென்ட்ரி நிற்கும்போது வலப்பக்கம் பாலக்காட்டுப் பையன், இடப்பக்கம் ஸ்ரீகாகுளத்துப் பையன். அவன் தூங்கும்போது அவன் உயிர் என் கண்ணில் இருக்கிறது, நான் தூங்கும்போது என் உயிர் அவன் கண்ணில். நாடு என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. அதிகாரிகள் எங்களைத் "தம்பி" என்று கூப்பிடுவார்கள். தமிழ் தெரியாத சாப்கூட, அதாவது அதிகாரிகூட, "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். "வீர மதராசி, அடி கொல்லு" என்று கத்தும்போது மொழி, சாதி, மதம் எதுவும் ஞாபகத்தில் இருக்காது. அந்தப் பற்று இன்றைக்கும் என்னிடம் குறையவில்லை. இனி எழுதப்போவதை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கசம் பரேடில் கையை நீட்டிச் சத்தியம் செய்தபோது எதை விட்டுக்கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. ராணுவத்தினருக்கு அடிப்படை உரிமைகளைக் குறைக்கலாம் என்று நம் அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு பாராளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1950ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அதைச் செயல்படுத்துகிறது. சங்கம் சேரக் கூடாது, அரசியல் கூட்டத்துக்குப் போகக் கூடாது, அனுமதி இல்லாமல் பத்திரிகைக்குப் பேசக் கூடாது. இதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. கையில் துப்பாக்கி வைத்திருப்பவன் கட்சி கட்டினால் என்ன ஆகும் என்று அக்கம்பக்கத்து நாடுகளைப் பார்த்தாலே தெரியும். நாங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் மற்றவர்கள் வாயைத் திறக்க முடிகிறது என்று நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் கொடுத்தது சின்ன விஷயம் இல்லை. 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதல் நடந்தவுடன் ஆபரேஷன் பராக்ரம் என்று எல்லையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட 10 மாதம். நான் ராஜஸ்தான் மணலில் இருந்தேன், லீவு நின்றுபோயிருந்தது. 2002 மே மாதம் அப்பா தவறிவிட்டார். செய்தி வந்து, அனுமதி கிடைத்து, ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது காரியங்கள் எல்லாம் சித்தப்பா மகன் கையால் முடிந்திருந்தன. யாரையும் குறை சொல்ல முடியாது. அது போர் வாசல். ஆனால் அந்தக் கடன் என் கணக்கில் அப்படியே நிற்கிறது.

உள்ளே இருந்தபோது இழந்தது இது. வெளியே வந்த பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. சட்டப்படி என் உரிமைகள் எல்லாம் அந்த ஆகஸ்ட் 31 இரவோடு திரும்பி வந்துவிட்டன. அவற்றை எடுத்துப் பழகத்தான் எனக்குத் தெரியவில்லை. எப்போது எழுவது, என்ன உடுத்துவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று 17 வருடம் இன்னொருவர் முடிவு செய்திருக்கிறார். முதல் மாதம் முழுக்க 4.30க்கு எழுந்து ஷேவ் செய்து ஷூ மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. கடைக்குப் போக வேண்டுமென்றால் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போவேன். அது பரவாயில்லை, பழக்கம். மோசமானது, நான் வீட்டில் உத்தரவு போட ஆரம்பித்தது. பெண்ணுக்கு 10 வயது, பையனுக்கு 7. காலையில் இரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தி நகம் பார்த்தேன். மாட்டை யார் கறப்பது, பள்ளிக்கூட ஃபீஸ் எப்போது கட்டுவது, பால்காசு எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் என் கைக்கு மாற்றினேன். கல்யாணமான 12 வருடம் தனியாக, வயதான மாமியாரையும் வைத்துக்கொண்டு, அந்த வீட்டை நடத்தியவள் என் மனைவி. ஒரு ராத்திரி அவள் சொன்னாள்: "ஏங்க, நீங்க லீவுல வரும்போது வீடு நல்லா இருந்துச்சு." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நாட்டுக்காக என் சுதந்திரத்தைக் கொடுத்தவன், வந்ததும் அவளுடையதைப் பிடுங்கிக்கொண்டேன். அது எனக்கு உறைக்க இன்னும் ஒரு வருடமும் ஐந்தரை லட்சம் ரூபாயும் ஆனது.

பணக் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் விழுவது இங்கேதான். பிராவிடண்ட் ஃபண்ட், கிராஜுவிட்டி, குரூப் இன்ஷூரன்ஸ், லீவு காசு, பென்ஷனில் ஒரு பகுதியை விற்று மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் எல்லாம் சேர்த்து 19 லட்சத்துச் சொச்சம் வந்தது. ஒரே நேரத்தில் அவ்வளவு பணத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. அந்தத் தீபாவளிக்கு ஒரு ரிட்டயர்டு சுபேதார் வீட்டுக்கு வந்தார். வேறு பட்டாலியன், முன்பின் பழக்கம் இல்லை. ஆனால் பேச்சு முழுக்க நம் பேச்சு. பல்டன், லங்கர், போஸ்ட் என்று பேசிவிட்டு, ஒரு ஃபைனான்ஸில் 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டி தருகிறார்கள், ஃபௌஜிகள், பட்டாளத்துக்காரர்கள், எல்லோரும் போட்டிருக்கிறார்கள் என்றார். "தம்பி, கண்ண மூடிக்கிட்டுப் போடு, நான் இருக்கேன்" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து "சரி சாப்" என்றேன். வீட்டில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழரை லட்சம் போட்டேன். ஏழு மாதம் 15,000 ரூபாய் தவறாமல் வந்தது. எட்டாவது மாதம் வரவில்லை, ஒன்பதாவது மாதம் ஆபீஸில் பூட்டு. சுபேதாரும் தன் பணத்தை இழந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாப் சொன்னதால் கையெழுத்துப் போட்டேன் என்பதுதான் என் மனதைக் குடைந்தது.

அப்புறம் இன்னொரு தவறு செய்தேன். வெட்கப்பட்டு 14 மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மிலிட்டரிக்காரன் ஏமாந்தான் என்று ஊர் பேசுமே என்ற பயம். நிதி நிறுவன மோசடிக்காகவே தமிழ்நாட்டில் 1997ஆம் வருடத்து டான்பிட் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், கோர்ட் மூலம் அந்த நிறுவனத்தின் சொத்தை முடக்கி ஏலம் விட்டுப் பங்கிட முடியும். சொத்தைக் கைமாற்றுவதற்கு முன்னால் புகார் போவதுதான் முக்கியம். நான் போவதற்குள் பாதி கைமாறிவிட்டது. கடைசியில் 2021ல் கிடைத்தது 1,10,000. வாங்கிய வட்டியையும் கழித்தால் போனது 5,35,000. ஆகவே பென்ஷன் வருகிறவர்களுக்கு என் முதல் வார்த்தை: வந்த பணத்தை ஒரு வருடம் வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த ஒரு வருடம் உங்கள் புத்தி வெளியுலகத்துக்கு வந்து சேர எடுக்கும் நேரம். மாதம் 2 சதவீதம் என்று யார் சொன்னாலும், அவர் தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்திருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். மக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் சசெட் இணையதளத்திலேயே பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, இத்தனை வருடம் வீட்டை நடத்தியவளிடம் கேளுங்கள். என் மனைவி பிறகு சொன்னாள், "ரெண்டு வட்டி தர்றவன் எங்கேயிருந்து குடுப்பான்னு நான் அன்னைக்கே கேட்டிருப்பேன்."

கம்யூட்டேஷனையும் இதே மாதிரிதான் யோசிக்காமல் செய்தேன். பென்ஷனில் 50 சதவீதம் வரை விற்றுக்கொள்ளலாம், எல்லோரும் 50 போடுகிறார்கள், நானும் போட்டேன். அந்தப் பிடித்தம் 15 வருடம் ஓடும். எனக்கு 2030ல்தான் நிற்கும். வீடு கட்ட, கடன் அடைக்க என்று தெளிவான காரணம் இருந்தால் விற்கலாம், அகவிலைப்படி முழு பென்ஷனுக்கும் கணக்கிடுவார்கள் என்பதால் அதில் நஷ்டம் இல்லை. நான் விற்ற பணம்தான் அந்த ஃபைனான்ஸுக்குப் போனது.

பணத்தைவிட என்னை வருத்துவது காது. நான் 84 மில்லிமீட்டர் ராக்கெட் லாஞ்சர் சுட்டவன். ஃபயரிங் முடிந்து இரண்டு நாள் காதில் ரீங்காரம் நிற்காது. யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போனால் கோழை என்பார்களோ என்று போனதில்லை, போன ஒன்றிரண்டு தடவையும் ஏட்டில் எழுத வைக்கவில்லை. ரிலீஸ் மெடிக்கல் போர்டில் டாக்டர் கேட்டார், ஏதாவது தொந்தரவு உண்டா என்று. "இல்லை சாப், ஷேப்-1" என்றேன், முழு உடல் தகுதி என்று அர்த்தம். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். இப்போது இடது காதில் யாராவது கூப்பிட்டால் திரும்பமாட்டேன். சர்வீஸால் வந்த ஊனம் 20 சதவீதம் இருந்தாலே டிஸெபிலிடி பென்ஷன் கேட்க வழி இருக்கிறது. 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சேரும்போது நல்ல உடம்போடு சேர்ந்தவனுக்குப் பிறகு வந்த நோய் சர்வீஸால் வந்ததில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று சொல்லியிருக்கிறது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் ஏட்டில் ஒரு வரிகூட இல்லாதவன் எதைக் காட்டுவது? தம்பிகளே, வலித்தால் வலிக்கிறது என்று எழுத வையுங்கள். முட்டி, முதுகு, காது, தூக்கம், மனசு, எல்லாம். ரிலீஸ் மெடிக்கலை ஒரு நாள் வேலையாக நினைக்காதீர்கள். உடம்பைப் பற்றி உண்மை பேசுவது சோம்பேறித்தனமோ துரோகமோ இல்லை. இதை எனக்கு யாராவது 2010ல் சொல்லியிருக்க வேண்டும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாம் ராணுவப் பதிவான பார்ட்-டூ ஆர்டரில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரிலும் பான் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் இருக்க வேண்டும். என் ஏட்டில் மனைவியின் பிறந்த வருடம் ஒன்று, ஆதாரில் ஒன்று. அதைச் சரிசெய்ய 11 மாதம் அலைந்தேன். சரிசெய்யாமல் நான் கண்ணை மூடியிருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அவள் அலைந்திருப்பாள். யூனிட்டில் இருக்கும்போதே முடித்தால் ஒரு வார வேலை. பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் பாஸ்வேர்டை மனைவிக்கும் சொல்லிவையுங்கள், நவம்பரில் வாழ்நாள் சான்றை மறக்காதீர்கள், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் ஈ.சி.எச்.எஸ். கார்டை உடனே போடுங்கள். வங்கி கிளார்க் வேலையில் முன்னாள் படைவீரருக்கு 14.5 சதவீத இடம் உண்டு. பரீட்சைக்குக் கடைசி இரண்டு வருடம் உள்ளே இருக்கும்போதே படியுங்கள். நான் படிக்காததால் இரண்டு வருடம் ஒரு கம்பெனி வாசலில் 12 மணி நேர செக்யூரிட்டி வேலை பார்த்தேன். இப்போது நிலமும் மாடும்தான்.

ஓட்டுப் போடுவதிலும் அடி வாங்கினேன். சர்வீஸில் இருந்தபோது தபால் ஓட்டு வந்து சேர்ந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் நேராகப் போய் வரிசையில் நின்றேன், பட்டியலில் பெயர் இல்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் படிவம் 6 எழுதி ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அடுத்தது 2019. பணம் பிடிபட்டதால் வேலூர்த் தொகுதித் தேர்தலை ஏப்ரலில் நிறுத்தினார்கள், ஆகஸ்ட் 5ல்தான் நடந்தது. அன்றைக்குத்தான், 40 வயதில், என் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் ஓட்டைப் போட்டேன். விரலில் மை வைத்த அந்தப் பெண்ணுக்கு நான் ஏன் கண்கலங்கினேன் என்று புரிந்திருக்காது.

அதே வருடம் தேர்தலுக்கு முன்னால் ஒரு கட்சிக்காரர்கள் வந்து, பெரே தொப்பியும் மெடலும் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கச் சொன்னார்கள். பேச வேண்டாம், நின்றால் போதும், 5,000 ரூபாய் என்றார்கள். ராணுவத்தினர் படத்தைப் பிரசாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று அந்த மார்ச்சில்தான் தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிகளுக்கும் எழுதியிருந்தது. நான் மாட்டேன் என்றேன். அப்போது ஒருவர், "என்ன சார், தேசப்பற்று இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியதே தவிரப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த மெடலில் பாலக்காட்டுப் பையனின் பங்கும் இருக்கிறது, ஸ்ரீகாகுளத்துப் பையனின் பங்கும் இருக்கிறது. அவர்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை ஒரு கட்சிக்கு வாடகை விட எனக்கு உரிமை இல்லை. வெளியே வந்தவன் சாதாரணக் குடிமகனாகக் கட்சியில் சேரலாம், தேர்தலில் நிற்கலாம், தாராளமாகச் செய்யட்டும். வேட்டி சட்டையில் செய்யட்டும்.

வேலூர் டவுனில் மக்கான் பக்கம் போகும்போதெல்லாம் சிப்பாய் நினைவுத் தூண் முன்னால் வண்டியை நிறுத்துவேன். 1806 ஜூலை 10ல் இங்கே கோட்டையில் எழுந்தவர்கள் எங்களைப் போன்ற மெட்ராஸ் சிப்பாய்கள்தான். புதுத் தொப்பி போடு, தாடியை எடு, நெற்றியில் குறி வைக்காதே, கடுக்கனைக் கழற்று என்று கம்பெனி சொன்னதில் தொடங்கிய கோபம் அது. உயிரைக் கொடுக்க ஒப்புக்கொண்டவனும் தன்னுடையது என்று கொஞ்சம் இடம் வைத்திருக்கிறான். நான் கொடுத்தது என் நாட்டுக்கு, என் அரசியலமைப்புக்கு, என் சம்மதத்தோடு. அவர்களிடம் பிடுங்கப்பட்டது. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் எவ்வளவு கொடுத்தேன் என்று கணக்கு வைத்திருப்பது தவறில்லை என்று அந்தத் தூண் முன்னால் நிற்கும்போது தோன்றும்.

2022 அக்டோபர் 2 கிராம சபையில் முதல்முறையாக எழுந்து பேசினேன். எங்கள் ஏரியின் வரத்துக் கால்வாயை மறித்து ஒருவர் சுவர் கட்டியிருந்தார். கால் நடுங்கியது, துப்பாக்கிச் சூட்டில்கூட அப்படி நடுங்கியதில்லை. "மிலிட்டரிக்காரரு அரசாங்கத்தைக் கேள்வி கேக்கலாமா?" என்றார் ஒருவர். கேட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, கால்வாயின் நில அளவை வரைபடத்தைக் கையில் வாங்கினேன். சுவரை இடிக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. மனுக்களை எல்லாம் வரிசையாகத் தேதி போட்டு ஃபைலில் வைத்தவள் என் மனைவி. பால்காசும் பாஸ்புக்கும் இப்போது அவளிடம்தான்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அக்னிவீருக்கு, நாலு வருட ராணுவ வேலைக்கு, தயாராகிறான். கம்ப்யூட்டர் பரீட்சை முடிந்துவிட்டது, ஓட்டம்தான் பாக்கி. "மாமா, சேரட்டுமா வேணாமா?" என்று கேட்டான். சேராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாலு வருடம், நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மீதிப்பேருக்குப் பென்ஷன் இல்லை, கையில் 11.71 லட்சம் சுமார் வரும், அப்போது உனக்கு 23 வயது என்று கணக்கை அவன் முன்னால் வைத்தேன். அந்தப் பணத்தைக் கேட்டு யார் யார் வருவார்கள் என்றும் சொன்னேன். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "போறேன் மாமா" என்றான். முடிவு அவனுடையது. இப்போது தினமும் காலை 5 மணிக்கு ஏரிக்கரையில் அவன் 1.6 கிலோமீட்டர் ஓடுகிறான். நான் வாட்சோடு மதகு பக்கம் நிற்கிறேன்.